ஒரே பானைக் கூழும் அண்ணனின் வயிறும்

என் அண்ணன் சாராயத்தைத் தொட்டவனே இல்லை. இதை எண்பதுகளிலேயே, கம்பைநல்லூரில் எங்கள் வாசலில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்போது அவனுக்குப் புளி மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. மாமா மகளை நிச்சயம் செய்திருந்தார்கள். தவக்காலம் முடிந்ததும் மாதா கோயிலில் கல்யாணம். அதற்குள் வயிற்று வலி வந்தது. பசித்தால் எரியும், கூழ் குடித்தால் கொஞ்சம் அடங்கும். ஒருநாள் மண்டியிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தன வருசமா குடிக்கிற?" என்றார். இல்லை என்றதற்குச் சிரித்தார். வயிற்றுப் புண்ணாம். குடியையும் மிளகாயையும் விடச் சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு அது போதாதா? மறுவாரம் மாமா வந்து நின்றார்.

"வாய ஊதுடா மாப்ள."

அண்ணன் ஊதினான். அப்போதுதான் முந்தாநாள் கூழைக் குடித்திருந்தான்.

"குப்புனு அடிக்குது. பகல்லயே ஏத்திக்கிட்டயா?"

"கூழுங்க மாமா. சத்தியமா கூழுங்க."

"நானுந்தான் தெனம் கூழு குடிக்கிறேன். உந்தம்பியும் அதே பானையிலதான குடிக்கிறான்? உனக்கு மட்டும் வவுறு ஓட்டையாவுதா?"

கூழ் குடித்தே வளர்ந்த மனிதருக்குப் புளித்த கூழ் வாடை தெரியாதா? சொம்பு என் கையில்தான் இருந்தது. அவர் மூக்கருகே நீட்டியிருந்தால் போதும். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சும்மா நின்றேன். கல்யாணம் நின்றது. அண்ணன் பிறகு யாரையும் கட்டவில்லை.

போன மாதம் எனக்கு நெஞ்செரிச்சல். சேலத்தில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, வயிற்றில் கிருமி இருக்கிறது என்றார். சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளுமாம். ஆனால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒரே வீட்டில்கூட ஆளுக்கு ஒரு ரகம் இருக்கலாம். ஒன்று சாதுவாகக் கிடக்கும், இன்னொன்று வயிற்றைப் புண்ணாக்கிவிடும். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அந்தப் புண்ணாக்கும் ரகமாகத்தான் இருந்திருக்கும் என்றார். இரண்டு வாரம் மாத்திரை போதுமாம்.

இரண்டு வாரம்!

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மாமா வீட்டுக்குப் போனேன். கிழவர் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் கூழ்ச் சொம்பு. எடுத்து அவர் மூக்கில் வைத்தேன்.

"மோந்து பாருங்க மாமா! நல்லா மோந்து பாருங்க!"

தெருவே எட்டிப் பார்த்தது. எனக்கு நாக்கு ஒட்டவில்லை.

"கூழுதான்டா. அதுக்கு எதுக்கு இப்பிடிக் கத்தற?" என்றார். அவருக்கு எதுவும் நினைவில் இல்லை.