தூக்குச்சட்டிக்குள் ஒரு செல்போன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு தூக்குச்சட்டி என்னை மலையேற வைத்தது. அதுவும் கொட்டுகிற மழையில்... இந்த முழங்காலோடு!

பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணனுக்கு மலைமேல் சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டம். பைபாஸ் செய்துகொண்டவர். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் செல்வி தினமும் போன் செய்து, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்பாள். பிறகு ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினாள். அது நாடித்துடிப்பை எண்ணி ப்ளூடூத்தில் அண்ணனின் போனுக்குச் சொல்லும். அந்தப் போன் செல்வியின் போனுக்குச் சொல்லும். அதுதான் எல்லாம் தெரிகிறதே, அப்புறம் எதற்கு தினமும் பேச்சு? ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிட்டாள்.

என் மகனும் எனக்கு அதே மாதிரி ஒரு வாட்ச் அனுப்பியிருக்கிறான் என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. "சித்தப்பா, அரைமணி நேரமா அப்பாவோட துடிப்பே வரல. போனும் போகல. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்..." என் போனில் செல்வி அழுதேவிட்டாள்.

சறுக்கல், அட்டைக்கடி, வேண்டாத சாமியில்லை. மேலே போனால் — அண்ணன் ஷெட்டில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடிக்கிறார்!

"ஏப்பா இப்படி எளைக்குது? ஒனக்கும் நெஞ்சு வலியா?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "போன் எங்கண்ணே?"

எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் காட்டினார். காலைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சட்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே போனை வைத்து இறுக்கி மூடியிருக்கிறார். "மழையில நனைஞ்சுருமுல்ல."

சுற்றிலும் எவர்சில்வர். ரேடியோ அலை பாவம், எந்த வழியாகப் போகும்? நடுவில் நம் உடம்பு வந்தாலே திணறுகிற ஜென்மம் அது.

மூடியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. செல்வி முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் மாத்திரை, சாப்பாடு, பேத்திக்கு விழுந்த பல் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

நான் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தேன். "இதுக்குள்ள வச்சா நனையாது. அலையும் தாராளமா போகும்ணே." பவ்யமாக வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை மறுபடியும் செல்வி. மறுபடியும் மலை.

அன்று பொட்டு மழை இல்லை. அண்ணன் மூடிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாட்ச்சில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். கவர், மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில்.

"என்னண்ணே இது?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கேப்பா..."

 பக்கத்தில் உட்கார்ந்து, நானும் போன் அடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

இறங்கி வரும்போது பாத்திரக்கடையில் ஒரு தூக்குச்சட்டி வாங்கினேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்து.