என் கையெழுத்துக்கு மருந்து இல்லை என்றார்கள்

சாயங்காலம் நாலு மணிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாளும் நாலு மணிக்கே வந்தது. மூன்றாம் நாள், நான்காம் நாள், பிறகு மாதம் முழுக்க. மில் சங்குகூட அத்தனை சரியாக ஊதியதில்லை. உச்சந்தலையில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக இறங்கி, முழங்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். விடியும்போது வேர்த்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். சேலை உடம்போடு ஒட்டிக்கிடக்கும்.

நான் அதைக் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வெயில் என்றேன். பிறந்ததிலிருந்து சிலோன் தேயிலை மலையின் பனியில் கிடந்த உடம்பு. கப்பலேறி வந்து இந்தக் கரிசல் காட்டில் விழுந்தால் கொதிக்கத்தானே செய்யும் என்றேன். இருமலைப் பஞ்சுத் தூசி என்றேன். எடை குறைந்ததற்கு இந்த ஊர்த் தண்ணீர் என்றேன். ஒரு நோயாளி தன்னிடமே எத்தனை பொய் சொல்ல முடியுமோ அத்தனையும் சொன்னேன்.

நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் எனக்கு வேலை. பக்கத்து இடத்தில் எஸ்தர். இந்த ஊர்க்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், வேதமும் வம்பும் ஒரே மூச்சில் பேசக்கூடியவள். நான் இருமிவிட்டு முந்தானையை மடித்ததை அவள்தான் பார்த்தாள். மடிப்பைப் பிரித்தும் பார்த்தாள், உள்ளே கோடாக ரத்தம். "எக்கா, இது வெயில் இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் விடுப்புச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது என் இடது நுரையீரலின் உச்சியில் மலை மூட்டம் போல ஒரு வெள்ளை படர்ந்திருந்தது. அதற்குள் ஒரு குழி (கிருமி அரித்துத் தின்ற இடம், நகக்கண் அளவு என்றார்கள்). காசநோய். ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக எடுத்தால் ஒன்றரை வருஷத்தில் குணமாகும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். பிறகு சீட்டு எழுதப் பேனாவை எடுத்தவர், எங்கே வேலை என்று கேட்டார். மில் என்றேன். பேனாவை மூடிவிட்டார். மில் ஆட்களுக்குத் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது, அதற்கென்று தனி மருந்தகம் இருக்கிறது, அங்கேதான் மருந்து. இங்கே கொடுத்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது வருகிறது.

காப்பீட்டு மருந்தகம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. சுற்றிலும் விசைத்தறிகள். தறிச் சத்தத்தில் அந்த வீட்டு ஜன்னல் கம்பிகள் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் எழுத்தர் ஒருவர் வருவார். அட்டை வழங்குவது அவர். நான் மில்லில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. என் அட்டை எப்போதோ வந்து அவர் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. அப்படி ஒன்று உண்டென்று மில்லில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மில்லில் சேர்ந்த அன்று நிரப்பிய என் படிவத்தை எழுத்தர் தேடி எடுத்தார். அட்டையை மேசைமேல் வைத்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேரேட்டைத் திருப்பினார். போட்டேன். வீ. காமாட்சி. எழுத்து கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அழகாகத்தான் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். அட்டையை எடுத்து மறுபடி இழுப்பறைக்குள் போட்டார்.

"என்னம்மா, விளையாடுதீங்களா? பாரத்துல பெருவிரல் ரேகை இருக்கு. இங்க கையெழுத்து இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்படி நம்புதது?"

இந்த இடத்தில் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் லயத்தில் (தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் கட்டடம்) எல்லோர் கடிதமும் நான்தான் எழுதுவேன். கலியாணச் செய்தி, சாவுச் செய்தி, இந்தியாவுக்குப் போனவர்களிடமிருந்து பதில் வராத கதை, எல்லாம் என் கையெழுத்தில்தான் கடல் தாண்டின. ஆனால் சம்பள நாளில் நானும் விரலைத்தான் நீட்டுவேன். மேசையில் மைத்தட்டு திறந்தே இருக்கும். பேனா கேட்டால் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார். "ஓ, இவங்க துரைசாணி, எழுதுவாங்களாம்" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் மழையில் நனைவார்கள். அதனால் எழுதத் தெரிந்தவர்களும் விரலை வைத்தோம். அம்மா வைத்தாள், நான் வைத்தேன். நாளாக ஆக, மைத்தட்டைக் கண்டால் விரல் தானாக எழுந்து போகும்.

மில்லில் சேர்ந்த அன்று நேரக் கணக்கு அலுவலகத்தில் மைத்தட்டு இருந்தது. என் விரல் போய்விட்டது. சேர்ந்தது யார், எழுதத் தெரியுமா என்று கேட்காமலே அந்த ஆள் 'எழுத்தறிவு இல்லாதவர்' என்று நிரப்பினார். சிலோன்காரி, கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எழுத்தரிடம் இதையெல்லாம் சொன்னேன். நான் சொல்லும்போதே அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போதே விரலை வைக்கிறேன், பழைய ரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

"ரேகை பாக்க நான் என்ன போலீஸா? ஒங்க ஆளுக ஒரு கார்டுல ஒம்பது பேரு மருந்து வாங்குதீங்க. நாளைக்கு என் வேலையில்லா போவும்."

இரண்டு வழி சொன்னார். இவருக்கு எழுதத் தெரியும், படிவத்தில் தவறு எங்களுடையது என்று மில் எழுதித்தர வேண்டும். இல்லையென்றால், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேரேட்டில் கையெழுத்திட்டது வேறு நபர் என்று நான் ஒரு வாக்குமூலத்தில் விரல் வைக்க வேண்டும். "ரெண்டாவது லேசு" என்றார். அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. உண்மையிலேயே எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

மருந்தகத்து மருத்துவரிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு ஒங்க நுரையீரல் தெரியுது. அவருக்கு அட்டை நம்பர்தான் தெரியும். நம்பர் இல்லாம நான் ஒரு மாத்திரையக்கூட வெளிய எடுக்க முடியாதும்மா" என்றார். அவர் நல்லவர். நல்லவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வரிசையில் அவரும் நின்றார்.

நான் முதல் வழியைப் பிடித்தேன். மில்லுக்கு நடந்தேன். நேரக் கணக்கு ஆள் இன்று போய் நாளை வா என்றார். நாளை என்பது பத்து முறை வந்தது. தவறு என்று எழுதிக்கொடுத்தால் கேட்காமல் நிரப்பியது தெரிந்துவிடுமே. கடைசியில், நோய் உள்ளவள் உள்ளே வரக் கூடாது என்று கேட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி மில்லைக் காட்டியது. மில் மருந்தகத்தைக் காட்டியது. மருந்தகம் மில்லைக் காட்டியது. நாலு மணிக் காய்ச்சல் மட்டும் என்னை யாரிடமும் அனுப்பாமல் நேராக என்னிடம் வந்தது.

அந்த நாட்களில் கோயில் புற்றுமண் தின்றேன். அடுத்த வீட்டுப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். நெஞ்சிலும் தடவினேன். அது நுரையீரலுக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கொடுத்தவள் என்னிடம் எந்தப் படிவமும் கேட்கவில்லை.

மகள் செல்வியை எஸ்தர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. தினமும் தெருவில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். கிட்டே வராதே என்று கையைக் காட்டுவேன். வராமல் நிற்பாள். அவள் அத்தனை சீக்கிரம் கீழ்ப்படிந்தது எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் விரலை நீட்டப் பழகுகிறது என்று பட்டது. அந்தப் பயம்தான் என் வீம்புக்கு எண்ணெய் ஊற்றியது என்று இப்போது நினைக்கிறேன். என் கையெழுத்தை நானே பொய் என்று சொல்ல மாட்டேன் என்றேன். வீட்டுச் சுவரிடமும் சொன்னேன்.

பேரேட்டில் கையெழுத்துப் போட்டதிலிருந்து இருபத்துமூன்றாம் நாள் காலை இருமியபோது ரத்தம் கோடாக வரவில்லை. வாய் நிறைய வந்தது. சூடாக, உப்பாக, இனிப்பாக. என் கணவர் வீரய்யா அதைக் கிண்ணத்தில் பிடித்தார். அவர் அதிகம் பேசாதவர். கப்பலில்கூட ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர்.

"காமாட்சி, நீ எழுதுறவன்னு எனக்குத் தெரியும். லயத்துக்கே தெரியும். அந்தாளுக்கு ஏன் தெரியணும்? வெரல வையி."

எஸ்தரும் வந்து நின்றாள். "வச்சிருங்கக்கா. கர்த்தருக்கு ஒங்க கையெழுத்து தெரியும். அவரு அட்டை கேக்க மாட்டாரு, ஆனா மருந்தும் அவருகிட்ட இல்ல."

சிரித்தேன். சிரித்ததில் மறுபடி ரத்தம் வந்தது. போனோம்.

எழுத்தர் வாக்குமூலத்தைத் தயாராகவே வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசித்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரேட்டில் கையெழுத்திட்டது நான் அல்ல. இதை வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டேன். மைத்தட்டைத் தள்ளினார். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல ஒரு வரிய விட்டுட்டீங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். ஆமாம், விட்டிருந்தார். காது மடல் சிவந்தது. மறுபடி முதலிலிருந்து, அந்த வரியையும் சேர்த்து வாசித்தார். தப்பான விவரம் தந்தால் சட்டப்படி தண்டனைக்குரியவள் என்று அறிவேன் என்பது அந்த வரி. வாசித்து முடித்து, என் முகத்தைப் பார்க்காமல் மைத்தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

அந்தக் கணத்தில் அவர் எதையாவது சொல்லியிருக்கலாம். அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கலாம். எஸ்தர் காத்திருந்தாள், நானும் காத்திருந்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் விரலை வைத்தேன். எஸ்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அட்டை என் கைக்கு வந்தது.

அன்றே முதல் ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியை அடக்கும் மருந்து, இடுப்புச் சதையில் போடுவார்கள்). போட்ட இடம் கல்லாகக் கட்டிக்கொள்ளும். இரண்டு மாதம் போனதும் காதுக்குள் ஒரு வண்டு பாடத் தொடங்கும்; தலை சுற்றும்; அதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையில் வாய் கசக்கும், சிறுநீர் நாறும், கனவெல்லாம் நிறம் மாறும். மூன்றாம் வாரத்தில் நாலு மணிக் காய்ச்சல் ஒருநாள் வரவில்லை. அது வரவில்லை என்று ஐந்து மணிக்குத்தான் கவனித்தேன். பாதியில் நிறுத்தத் தோன்றும் நாள் அதுதான். நிறுத்தாதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது அக்கரையிலிருந்தோ மலையிலிருந்தோ வந்து புதிதாக ஒரு மில்லில் சேர்ந்திருந்தால், உங்களுக்குச் சொல்கிறேன். நோய் வரும் வரை காத்திருக்காதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய் அட்டை எங்கே என்று கேளுங்கள். எழுதத் தெரிந்தால் முதல் நாளே பேனா கேளுங்கள். பின்னால் நிற்பவர் நனைந்தால் நனையட்டும். அப்படியும் மாட்டிக்கொண்டால், மருந்தை முதலில் வாங்குங்கள். சண்டையை ஊசி போட்டுக்கொண்டே போடலாம். நான் போட்டேன். மேலே, அதற்கும் மேலே, என் கையால் மனு எழுதி அனுப்பினேன். மனுதாரர் எழுத்தறிவற்றவர் என்பதால் இக்கடிதங்களை எழுதியவர் யார் என்று கேட்டு ஒரே ஒரு பதில் வந்தது.

உயிரையும் பேரையும் ஒரு மேசையின் இரண்டு பக்கம் வைத்துவிட்டு ஒன்றை எடு என்று சொன்னவர்கள் யாரும் இன்றுவரை ஒரு இரவு தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் பதினோரு மணிக்கு முன் முடித்த ஒரு கோப்பு.

ஒன்றரை வருஷம் கழித்து எடுத்த படத்தில் மூட்டம் கலைந்திருந்தது. குழி இருந்த இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு தழும்பு. முதலில் நகக்கண் அளவு என்றார்களே என்றேன். மருந்தகத்து மருத்துவர் படத்தை உறைக்குள் போட்டார். "நடுவுல ரத்தம் வந்த சமயத்துல பெருசாயிருச்சும்மா. மூணு வாரம் முந்தி ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது" என்றார். நோய் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். மறுபடி வேலைக்குப் போனேன். செல்வி என் பக்கத்தில் வந்து படுத்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் கால் என் முழங்காலைத் தாண்டி நீண்டிருந்தது. எப்போது வளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மில்லுக்கும் ஊருக்கும் நடுவில் ரயில்வே கேட். தண்டவாளம் கொஞ்சம் மேட்டில் போகிறது. அந்த ஏற்றத்தில் இடது பக்கம் மூச்சு முடிந்துவிடுகிறது. நிற்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இழுத்தது கீழே போய்ச் சேரும் வரை நிற்கிறேன். போகையில் ஒரு முறை, வருகையில் ஒரு முறை. வேலைக்கு வேகமாகப் போகிறவர்கள் என்னைக் கடந்துபோகிறார்கள்.

ரயிலுக்கு நிற்கிறேன் என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நினைத்துவிட்டாள். "கேட்டு தொறந்துதானக்கா கெடக்கு, வாங்க" என்றாள்.

நீ முன்னால் போ என்று கையைக் காட்டினேன். பேசினால் அந்த மூச்சும் போய்விடும். அவளிடம் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. அந்த இருபத்துமூன்று நாளும் எங்கும் போய்விடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இந்த மேட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நான் அதைக் கடந்துகொண்டிருக்கிறேன்.