ரோசாவுக்காக மாட்டிய டயர்கள்

உப்பளம் பகுதியில் யார் வீட்டில் ஆபரேஷன் என்றாலும் பிரசவம் என்றாலும் முதலில் சகாயநாதனுக்குத்தான் போன் போகும். வாடகைக் கார்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் தையல் பிரிக்காத வயிற்றோடு ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டுமென்றால் அவருடைய வெள்ளைக் கார்தான் வேண்டும். "ஏறினது தெரியும், எறங்கினது தெரியும், நடுவுல ஒண்ணும் தெரியாது" என்று சொல்வார்கள்.

அவருடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது சகாயநாதனுக்குப் பதினெட்டு வயது. இன்னொருவர் லாரியில் கிளீனராக ஏறி, வேன் ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு கார் வாங்கி நிமிர்ந்தார். மனைவி ரோசா கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் கூடத்தில் மேசைவிரிப்புகளுக்குப் பூ வேலை செய்தவள். ஒரே மகள் லினெட், கல்யாணமாகி பிரான்ஸில் இருந்தாள். எந்தச் சவாரிக்குப் போய்வந்தாலும் வண்டி எப்படிப் போனது, எங்கே பள்ளம், எங்கே போலீஸ்காரன் கைகாட்டினான் என்று அத்தனையையும் ரோசாவிடம் சொல்லி முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவள் ஊசியில் கண்ணை வைத்தபடியே கேட்டுக்கொள்வாள். நடுவில் பேச்சை விட்டால், "அப்புறம் முசே?" என்பாள். பழைய பிரெஞ்சுக்காரர் வீடுகளில் துரையைக் கூப்பிடுகிற சொல். கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

அவளுக்கு மார்பில் வந்த கட்டியை எடுத்துச் சில வருஷங்கள் நன்றாகவே இருந்தாள். பிறகு முதுகு வலி என்றாள். ஊசி வேலையில் குனிந்தே கிடந்ததால் வந்த வலி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். படம் எடுத்துப் பார்த்தபோது நோய் முதுகெலும்புக்குள் இறங்கியிருந்தது. முழுசாகக் குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம், தினமும் கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு வந்து கதிர்வீச்சு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். முன் சீட்டில் உட்கார அவளால் முடியவில்லை. பின் சீட்டில் மெத்தை விரித்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் படுக்க வைத்தார்.

அப்போது ஐப்பசி மழை. காமராஜர் சாலையில் ஒரு பள்ளம் நிறையத் தண்ணீர் நின்றது. அது பள்ளம் என்றே தெரியவில்லை. முன் சக்கரம் தொப்பென்று உள்ளே விழுந்தது. பின்னால் ரோசா வீறிட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில், லினெட் பிறந்தபோதுகூட, அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"ஒண்ணும் இல்ல. நீங்க போங்க."

"ரோசா..."

"போங்கன்னு சொல்றேன் இல்ல? அங்க டைம் ஆயிடும்."

அவளை ஆஸ்பத்திரி உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தவர், காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயர்களில் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வரிகள் தேய்ந்திருந்தன. விரலால் அமுக்கினால் கட்டையாக இருந்தது. ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் பூப்போலக் கொண்டுபோய் இறக்கிய காரில் தன் வீட்டுக்காரி அலறிவிட்டாளே என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலேயே முத்தியால்பேட்டையில் அரிகிருஷ்ணனின் டயர் கடைக்குப் போனார்.

அரிகிருஷ்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டி வந்தான்.

"ஆல் சீசன்னு போட்டிருக்கான்ணே. வெயிலு, மழை, பனி எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுமாம்."

"பனிக்கு நான் எங்கப்பா போறேன்? மெத்துனு இருக்குமா, அதச் சொல்லு."

"ரப்பர் மெதுவு. பக்கவாட்டுலயும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். தண்ணியில நல்லா நிக்கும்னு சொல்றாங்க. நானே இப்பதான் எறக்கினேன், ஓட்டிப் பாத்தவங்க யாரும் இன்னும் வந்து சொல்லல. நீ மாட்டிக்கினு போ. ஒத்து வரலன்னா கொண்டாந்து குடு, வேற பாக்கலாம்."

நான்கையும் மாட்டினார்கள். சகாயநாதன் கூடவே நின்று பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தார். பிறகு காரை நேராக வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. டாக்சி ஸ்டாண்டில் ராஜ்கமலைக் கூப்பிட்டு, சாவியை அவன் கையில் கொடுத்தார். ராஜ்கமல் அவரோடு ஒரே ஸ்டாண்டில் ஓட்டுகிறவன்.

"கோரிமேடு வரைக்கும் ஓட்டு. நான் எப்பிடி ஓட்டுவேனோ அதே மாதிரி ஓட்டு."

"நீ எங்கண்ணா உக்காரப் போற?"

"பின்னால படுத்துக்கப் போறேன்."

ராஜ்கமல் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

இத்தனை வருஷத்தில் தன் காரின் பின் சீட்டில் சகாயநாதன் உட்கார்ந்ததுகூட இல்லை. ரோசாவின் மெத்தையில், அவள் படுக்கிற மாதிரியே காலை மடக்கிப் படுத்தார். தைல வாசனை மூக்கில் ஏறியது. வண்டி கிளம்பியதும் ரோடு மறைந்துபோனது. கண்ணாடி வழியாக மின்கம்பியும் விளம்பரப் பலகையின் மேல்பாதியும் மரக்கிளையும்தான் ஓடின. எங்கே இருக்கிறோம் என்றே பிடிபடவில்லை. திடீரென்று ஒரு மேடு முதுகில் வந்து மோதியது. அது மோதப்போவது அவருக்குத் தெரியவில்லை. அடுத்தது எப்போது வருமோ என்று உடம்பு தானாகவே விறைத்துக்கொண்டது. வண்டி சும்மா போகும்போதுகூட அந்த விறைப்பு விடவில்லை.

டயரில் குறை இல்லை. சத்தமே கேட்கவில்லை. சின்னச் சின்னக் குழிகளை அது உள்ளுக்குள் வாங்கிக்கொண்டது. காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இன்னும் மெத்தென்று போகும் என்று பட்டது. ஆனால் அவரை உலுக்கியது வேறு. இத்தனை நாளும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வருகிற பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவள் ஒன்றும் தெரியாமல் பயந்துகொண்டே கிடந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ராஜ்கமல் வண்டியை நிறுத்தினான். "எப்பிடிண்ணா இருக்கு டயரு?"

சகாயநாதன் எழுந்திருக்கவில்லை. முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார்.

அன்று மதியத்திலிருந்து அவர் வாய் மூடாமல் வண்டி ஓட்டினார். "ரோசா, இப்ப ஒரு ஸ்பீட் பிரேக்கர் வருது. மெதுவா ஏத்துறேன். ஏறிட்டோம். எறங்கப் போறோம். ஆங், அவ்ளோதான்." "இனிமே ரவுண்டானா சிலை வரைக்கும் ஒண்ணும் இல்ல, நீ ஆசுவாசமா படு." முதல் நாள் ரோசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா முசே, பஸ் கண்டக்டர் ஆயிட்டீங்களா?" என்றாள். ஆனால் இரண்டாம் நாள் அவர் ஒரு மேட்டைச் சொல்ல மறந்தபோது, "இத சொல்லலியே" என்று கேட்டாள். அதன்பின் அவர் ஒன்றையும் விடவில்லை. பள்ளமில்லாத இடங்களில் வழியில் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். புதிதாகத் திறந்த கடை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கி நிற்கும் பூக்காரி. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வருவாள்.

ஒரு மழை நாளில் சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார். "டயரு எப்பிடி இருக்கு? நெஜத்தச் சொல்லு. வேற மாத்தணும்னா மாத்திடலாம். அரி மாத்தித் தரேன்னு சொல்லியிருக்கான்."

ரோசா தலையணையை இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள்.

"டயரு நல்லாத்தான் இருக்குது. வலி டயர்ல இல்லீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"எத மாத்தினாலும் அது போவாது. நீங்க தெனம் டயரக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறத நானும் பாக்குறேன். வேணாம். விட்டுடுங்க. நீங்க பேசிக்கினு வர்றீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

கதிர் வைத்து முடிந்த வாரம் வலி கொஞ்சம் அடங்கியது. திரும்பும் வழியில், "பெரிய மார்க்கெட் வழியா போங்க, மீன் வாங்கணும்" என்றாள். அவர் வேண்டாமென்றார். "நீங்க வாங்கியாந்தா நேத்து மீனுதான் வாங்கியாருவீங்க" என்றாள். மார்க்கெட் ஓரத்தில் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டு வண்டியை நிறுத்தினார். அவள் வழக்கமாக வாங்கும் மீன்காரி சின்னப்பாப்பா கூடையோடு ஓடிவந்து கார் கதவைத் திறந்தாள். படுத்திருந்தவளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ரோசா அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, வெளுத்துப் போயிருக்குது?"

"விடியக்காத்தால வந்ததுக்கா! மாதா சத்தியமா!"

"மாதாவ ஏண்டி இழுக்குற? அந்தப் பக்கத்துல கெடக்குறத எடு."

சின்னப்பாப்பா நல்லதாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். சண்டைக்கு ஈடு கொடுத்துக்கொண்டே புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்று குழம்பு வைத்தது சகாயநாதன்தான். ரோசா கட்டிலில் படுத்தபடி புளி எவ்வளவு, எப்போது மீனைப் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய்தான் அவளால் சாப்பிட முடிந்தது.

அதற்குப்பின் அவளைக் காரில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கி, தெருவில் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்த நாட்களில், ஒரு மத்தியானம், வீட்டிலேயே போய்விட்டாள். லினெட் வந்து, கல்லறைக்குப் பூ வைத்து, அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். "அங்க வந்து நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்று மட்டும் சொன்னார். கார் வாசலில் நின்றது. மெத்தையை அவர் எடுக்கவில்லை. போன் அடித்தால் வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் ராஜ்கமல் நேரில் வந்தான். வெளியூர் போய்வரும்போது தன் வண்டி நின்றுபோய் இன்னும் ஒர்க்ஷாப்பில் கிடப்பதாகவும், உப்பளத்திலேயே சுமலதா என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னான். "சின்னக் கொழந்தண்ணா. உன்னத் தவிர வேற யாரையும் அனுப்ப மனசு வரல." சகாயநாதன் மெத்தையைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலின்மேல் வைத்தார். அதைத் தட்டிச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மரக்காணம் தாண்டும்போது பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. உப்புப் பாத்திகளும் ரோடும் ஒன்றாக வெளுத்துக் கிடந்தன. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு கிழவர், வண்டி வருவதைப் பார்க்காமல் குறுக்கே திரும்பினார். சகாயநாதன் பிரேக்கில் ஏறி மிதித்தார். பழைய டயராக இருந்தால் வண்டி அந்தத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய் மோதியிருக்கும். இது இழுக்கவில்லை, திரும்பவில்லை. தரையைக் கவ்விக்கொண்டு நேராக நின்றது. கிழவர் ஒரு காலை ஊன்றி, காரைப் பார்த்து ஏதோ திட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் குழந்தை விழிக்கக்கூட இல்லை.

வண்டியை ஓரங்கட்டி, "நல்லா நின்னுச்சு" என்று வாய்விட்டே சொன்னார். வீட்டுக்குப் போனதும் ரோசாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். மறுகணம் ஸ்டியரிங்மேல் நெற்றி கவிழ்ந்தது. சவப்பெட்டியை மூடும்போதுகூட அழாதவர், ஓரங்கட்டிய காரில் தோள் குலுங்க அழுதார்.

சுமலதா பயந்துபோனாள். "அண்ணே, இன்னா ஆச்சு? அந்தப் பெரியவரு தப்பிச்சுட்டாரு, பாத்தேன் நானு. நம்மளும் நல்லாத்தான் இருக்கோம்."

"ஆமாம்மா. நல்லாத்தான் இருக்கோம்."

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். முகம் கழுவிக்கொண்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். ஏர்போர்ட்டில் பெட்டிகளை இறக்கிவைத்த பிறகு அரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டார்.

"அரி, அந்த டயரு எப்பிடின்னு யாரும் வந்து சொல்லலன்னியே. மழையில நல்லா நிக்குதுப்பா. தைரியமா வித்துக்க."

 "சரிண்ணே. நீ சாப்ட்டியா?" என்று கேட்டான் அரிகிருஷ்ணன்.

"இல்லப்பா. இனிமேதான்."

திரும்பும்போது மழை விட்டிருந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, நின்றபடியே இரண்டு வடை தின்று டீ குடித்தார். கடைக்காரர், ரோடு எப்படி இருக்கிறது, எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று விசாரித்தார். சகாயநாதன் ஒவ்வோர் இடமாக விவரமாகச் சொன்னார். கடைக்காரர் பாதியிலேயே வேறு ஆளுக்கு டீ ஆற்றத் திரும்பிவிட்டார்.