காத்தான்குடியில் செய்த வயலின் வில்

ரயிலேறினால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. வண்டி நிற்கிற இடமெல்லாம் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, அது நகர்ந்த பிறகே ஓடிவந்து தொற்றுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போன அந்த உலக யுத்தகாலப் பயணத்திலும் மாகோவில் வண்டி மாறி, பொலன்னறுவையில் வயலினை இருக்கையில் விட்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது ஒரு பட்டாளத்துக்காரனின் தகரப் பெட்டி மேல்தட்டிலிருந்து அதன்மேல் விழுந்து கிடந்தது. வயலின் தப்பிவிட்டது. வில் இரண்டு துண்டு.

வெள்ளி காலை மட்டக்களப்பு நிலையம். நண்பன் சவிரிமுத்து பொல்லை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். வாதம் வந்ததிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். மறுநாள் கல்லடி மாதா கோயிலில் அவன் மகள் றோசலினுக்குக் கலியாணம். மகளைக் கைபிடித்துப் பீடம்வரை பொல்லில்லாமல் நடப்பது என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நடைக்கு வாசிக்கத்தான் நான் வந்தேன்.

துண்டுகளைக் காட்டியதும் அவன் முகம் செத்துவிட்டது. யுத்தத்தில் கொழும்பிலேயே வில் கிடையாது.

"காத்தான்குடியில வண்டில் செய்யிற ஓடாவியார் ஒராள் இரிக்கார். கேட்டுப் பாப்பம் மச்சான்" என்றான்.

பஸ்ஸுக்குப் பத்துச் சதம், மூன்றரை மைல். பாலத்தின் கீழே வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். நான் சாரதியின் ஆமை வேகத்தை மட்டுமே பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

மரவேலைக்காரரை அங்கே ஓடாவி என்பார்கள். மீராலெப்பை ஓடாவியார் துண்டுகளைத் தென்னை ஈர்க்கால் நீளமும் பருமனும் அளந்தார். வயலின் வில்லுக்கென்று பிரேசில் தேசத்திலிருந்து வரும் மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த மரத்துக்கு நான் எங்க போற? முதிரை மரம் பாரம். சமண்டலைதான் வளையும், முறியாது" என்று ஒரு பழைய வண்டிலின் ஏர்க்காலைப் பிளந்தார்.

நான் இருந்தேன், எழுந்தேன், தெருவுக்குப் போனேன், வந்தேன். முடிந்ததா என்று கேட்டேன். ஓடாவியார் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், நீங்க கிட்ட நிண்டா என்ட கை ஓடுதில்ல. ஜும்மாத் தொழுகை முடிஞ்சி பின்னேரம் வாங்க."

துண்டுகளைக் கையில் சுழற்றியபடி வாவிக்கரையெல்லாம் அலைந்தேன். பின்னேரம் போனபோது வில் தயார். தேன் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தது. ஆனால் வயலின் வில்லின் நடுப்பகுதி மயிரை நோக்கி உள்வளைந்திருக்க வேண்டும். இதுவோ வேட்டைக்காரன் வில்லைப்போல வெளியே வளைந்திருந்தது!

"தலைகீழாக வளைத்துவிட்டீரே!" என்று கத்தினேன்.

"வில்லெண்டா வேற எப்பிடி வளையும்? மாதிரிய நீங்கதானே ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சீங்க?"

துண்டுகள் என் கையிலேயே இருந்தன. அது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

"திருப்பி வளைக்க முடியாதா?"

"இப்ப சுட்டா வெடிச்சிரும். புதிசா செய்ய நாளைக்குப் பின்னேரமாகும்."

கலியாணம் காலையில். பழைய வில்லின் திருகாணியையும் குதிரைமயிரையும் அதில் பொருத்தி எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினேன்.

சனி காலை, கோயில். நான் எப்போதும் விரட்டி வாசிப்பவன். அந்த வில் விரட்டுக்கு வரவில்லை. அவசரப்பட்டால் மயிர் தளர்ந்து சுருதி கீச்சிட்டது. அழுத்தாமல் மெல்ல இழுத்தால் மட்டும் பாடியது. வேறு வழியின்றி மெல்ல இழுத்தேன். வாசலில் சவிரிமுத்து பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு மகளின் கையைப் பிடித்தான். ஓர் இழுப்புக்கு ஓர் அடி. இழுத்த கால் வந்து சேரும்வரை சுரமும் நீண்டது. அவன் தடுமாறவேயில்லை. பீடத்தடியில் மகளை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்காகத்தானே மச்சான் மெதுவா வாசிச்சாய்?" என்று விருந்தில் கேட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு, ஊர் திரும்பும் ரயில். யாழ்ப்பாணத்தில் என் மாணவர்கள் இந்த வில்லைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொலன்னறுவையில் வண்டி நின்றது. தேநீர்க்காரன் சன்னலோரம் வந்து கூவினான். வில் என் மடியில் இருந்தது. நான் இறங்கவில்லை.