உத்திரமேரூர்ப் பேருந்தில் ஒரு நாற்காலி

காலை 9.20. மதுராந்தகத்திலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் கடந்து உத்திரமேரூரில் இறங்கினேன். பள்ளிப் புத்தகத்தில் படித்த குடவோலைக் கல்வெட்டை, எங்கள் இருளர் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நான், நேரில் பார்க்க வந்திருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர் முழுக்க எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த ஊர் தேர்தல் நடத்திய விதிகள். கை தானாகக் குவிந்தது. உறுப்பினராக நிற்பவருக்குச் சொந்த மனையில் வீடு வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. ஏரிக்கரைப் புறம்போக்கில் பிறந்தவள் நான். அந்த வரி எங்கே இருக்கும் என்று வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11.05. திருப்புலிவனம் கோயிலையும் பார்க்கலாம் என்று நான் ஏறிய நகரப் பேருந்தில், ஒரு பெண் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஏறினார்.

“உனக்கு ஃப்ரீ. சேருக்கு லக்கேஜ் எடு,” என்றார் நடத்துநர்.

“அதுவும் பொம்பள சேருதான், நைனா.”

பேருந்தே சிரித்தது. நடத்துநர் நகர்ந்துவிட்டார்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணின் பெயர் கன்னியம்மா. அவரும் இருளர், பழங்குடியினருக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்த ஊராட்சி உறுப்பினர்.

“மீட்டிங்குக்குப் போனா, ‘சேர் பத்தல, ஓரமா நில்லு’ன்றாங்க. ஜெயிச்சதுலேர்ந்து நின்னுக்கினே கீறேன். இன்னிக்கி குந்தணும், பாப்பா.”

“எங்கம்மாவும் மெம்பர்தான், அக்கா.”

“குந்துறாங்களா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அவருடனேயே இறங்கினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில் மற்ற உறுப்பினர்கள் மின்விசிறிக்குக் கீழே வட்டமாக அமர்ந்திருந்தார்கள்.

“இன்னாமே, சேர் தூக்கிக்கினு கல்யாண வூட்டுக்கா வந்த?” என்றார் தலைவர்.

“பத்தலன்னு நீங்கதான சொல்லிக்கினு கீறீங்க, தலைவரே. ஒங்களுக்கு எதுக்கு பேஜாருன்னு நானே எடுத்தாந்தேன்.”

கன்னியம்மா நாற்காலியை வட்டத்துக்குள் போட்டார். பக்கத்திலிருந்தவர் தம் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கன்னியம்மா அதைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “எங்க தெரு தண்ணி பைப்பு எப்ப வரும்?” என்று தொடங்கினார். காலையில் கல்வெட்டின் முன் குவிந்ததுபோல, வாசலில் நின்ற என் கை மறுபடி குவிந்தது.

கூட்டம் முடிந்ததும், “இங்கயே வெச்சிட்டுப் போ,” என்றார் தலைவர்.

“வெச்சா அடுத்த வாட்டி வேற ஆளு குந்திக்குவாங்க,” என்று சொல்லிவிட்டு கன்னியம்மா அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டார்.

மாலை 4.10. மறுபடி உத்திரமேரூர் வந்தேன். கோயில் சுவரை இன்னொரு முறை பார்க்க நினைத்திருந்தேன், பார்க்கவில்லை. கடைத்தெருவில் நாற்காலி ஐந்நூற்று இருபது ரூபாய் சொன்னார்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஊராட்சிக் கூட்டம். சிவப்பும் இருந்தது. அம்மாவுக்குப் பிடித்த நீலத்தை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.