முழு ஹெடரோடு அனுப்பவும்

நேற்று மத்தியானம் கைப்பேசிக்கு ஒரு குப்பை மின்னஞ்சல் வந்தது. எனக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறதாம். புகார் செய்யும் பொத்தானைத் தொட்டேன். புகாரைப் பெற்றுக்கொண்டதாக நன்றி சொல்லிவிட்டு மறைந்துபோனது. இவ்வளவுதானா என்று சப்பென்று ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இந்தப் புகார்களைப் படித்துத்தான் நான் சோறு சாப்பிட்டேன்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு சின்ன இணையச் சேவை நிறுவனம். கீழே ஜவுளிக்கடை, மேலே நாங்கள். படியேறும்போதே புதுத் துணியின் கஞ்சி வாசம் அடிக்கும். இன்றைக்கும் புதுச்சட்டையைப் பிரித்தால் எனக்குக் குப்பை மின்னஞ்சல்தான் ஞாபகம் வருகிறது, என்ன பிறவியோ! குப்பை மின்னஞ்சல் புகார்களைக் கவனிப்பதுதான் என் வேலை. யார் புகார் செய்தாலும் நான் எழுதும் பதில் ஒன்றே: முழு ஹெடரோடு அனுப்பவும். ஹெடர் என்பது கடிதத்தின் தலைக்குமேல் மறைந்திருக்கும் இருபது முப்பது வரிகள். எந்தக் கணினியில் கிளம்பியது, எந்த வழியாக வந்தது, எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் இருக்கும். அனுப்பியவர் பெயரை யார் வேண்டுமானாலும் பொய்யாகப் போட்டுக்கொள்ளலாம். வந்த வழியை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது.

ஜெயா அக்கா எனக்குப் பழக்கமானது அப்படித்தான். பக்கத்து ஊர் புக்கிட் செலம்பாவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். அங்குள்ள கோவிலின் மகளிர் பிரிவுச் செயலாளரும்கூட. அவர் பெயரில் ஓர் ஆபாசக் கடிதம் கோவில் உறுப்பினர்கள் எல்லாருக்கும் போயிருந்தது. அவருக்கே ஒரு பிரதி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப் பேசப்போகிறார்கள். தான் அனுப்பவில்லை என்று காட்டாவிட்டால் பதவியோடு மானமும் போய்விடும்.

வழக்கம்போல் ஹெடர் கேட்டேன். பதில் வந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, 'அன்புள்ள தம்பிக்கு, அந்தக் கடிதம் மிகவும் அசிங்கமானது' என்று ஒரு வரி, கீழே வணக்கம். ஹெடரும் இல்லை, கடிதமும் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடி பிள்ளையார் சுழி.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அக்காவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கைப்பையிலிருந்து அச்செடுத்த தாளை எடுத்துக் கொடுத்தார். மேல்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். மீதியில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் கறுப்பு மை பூசியிருந்தார்.

"மேல எதுக்குக்கா வெட்டினீங்க?"

"புரியாத நம்பரா இருந்துச்சு தம்பி. உங்களுக்கு நீட்டா குடுக்கணும்லா."

"கீழ?"

"அத ஒரு ஆம்பளப் புள்ளகிட்ட நா எப்படிக் காட்டுவேன்?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு முறை அந்தக் கடிதத்தைக் கேட்டு நான் அவரை என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியது நீங்கள் வெட்டி எறிந்த பகுதிதான், மற்றதை நான் பார்க்கவே வேண்டாம் என்றேன். என் கணினியில் அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஹெடரைக் காட்டும் இடத்தையும் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"திரும்பிடாதீங்க தம்பி!"

"இல்லக்கா, காலண்டரத்தான் பாக்குறேன். மேல உள்ளத மட்டும் படிங்க."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அக்கா எண்களைப் படித்தார். ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. எழுதிக்கொண்டு பக்கத்து மேசைக் கணினியில் தேடினேன். நாங்கள் இருவரும் பெயர்கூடக் கேட்டிராத ஏதோ தூரதேசத்து ஊரிலிருந்து கிளம்பியிருந்தது அந்தக் கடிதம். அதை நிறுவனத்தின் தாளில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன். கூட்டத்தில் கோவில் தலைவரே அதை உரக்கப் படித்தாராம். அக்காவே செயலாளராக நீடித்தார். திங்கட்கிழமை எனக்கு ஒரு டப்பா நிறைய நெய் உருண்டை வந்தது.

அதற்குப் பிறகு திருவிழா அழைப்போ தீபாவளி வாழ்த்தோ, அக்கா முதலில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வார். வந்ததை முழு ஹெடரோடு எனக்கு அனுப்புவார். அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாந்தான் அனுப்பினேன்னு உங்களுக்குத் தெரியணும்லா தம்பி!"

நான் சிரித்தேன், ஆனால் எல்லா வரியையும் படிப்பேன். கிளினிக் கணினியின் பெயர் இருக்கும், காலை எட்டேகால் என்று இருக்கும். அக்கா கிளினிக்கைத் திறந்த கையோடு உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

அந்தக் கிளினிக்கை மூடிவிட்டார்கள். அக்கா இப்போது மகளோடு கூலிமில் இருப்பதாகக் கேள்வி. விடிந்தால் வாட்சாப்பில் அவரிடமிருந்து ரோஜாப்பூப் படம் வருகிறது. பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். பூவுக்குக் கீழே காலை வணக்கம் இருக்கும், எங்கே உட்கார்ந்து அனுப்பினார் என்று ஒரு வரிகூட இருக்காது.