சிவப்புச் சீட்டு விழுந்த தையல் மிஷின்

எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்கு நேற்று மஞ்சள் கோடு போட்டார்கள். பெயிண்ட் வாசனை மற்றவர்களுக்குத் தலைவலி தரும். எனக்குக் கோபம் தரும். வாட்ச்மேனைப் பிடித்து ஒரு மூச்சு கத்திவிட்டு மேலே வந்தேன். பாவம், ஒடிசாக்காரர், எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

பல வருஷத்துக்கு முன்னால், ஓசூரில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியையாக நான் சேர்ந்த புதிது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சைக்கிள் ஷெட்டை ஒட்டி எங்களுக்கு ஒரே ஒரு அறை. தமிழில் கூப்பிட்டால் ஒரு பிள்ளை திரும்பும், கன்னடத்தில் கூப்பிட்டால் இன்னொன்று, தெலுங்குக்கும் ஆள் உண்டு. எதில் கூப்பிட்டாலும் திரும்பாதவள் ஷபானா.

ஜூஜுவாடியில் தார்ப்பாய்க் கடை வைத்திருந்த பாஷா பாயின் மகள். ஆட்டிசம். ஏறிய பள்ளிக்கூடமெல்லாம் கைகழுவி அனுப்பிய பிள்ளை. சேர்க்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: "இங்கயும் சரிப்படலன்னா வூட்லயே வெச்சிக்கிறோம் டீச்சரம்மா. இனிமே ஒருத்தர் வாசல்ல போயி நிக்க என்னால ஆவாது."

வந்த புதிதில் ஓயாமல் அலறினாள். மூலையில் ஒரு பழைய தையல் மிஷின் கிடந்தது. மேலே மிஷினே கிடையாது. இரும்புக் கால்களும் பெடலும்தான். ஒருநாள் அதன் முன்னால் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். அலறல் நின்றது. போகப்போக, மிதித்து முடித்ததும் தானே எழுந்து வந்து மற்ற பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பயிற்சியில் படித்த நீளமான பெயர் ஒன்றை இதற்குச் சூட்டி, என் கைவண்ணம் என்று மேலதிகாரியிடம் அளந்துவிட்டேன். வேலை செய்தது என்னவோ பெடல்தான்.

எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கு மார்ச் மாதம் வந்தால் கருணை பொங்கும். தருமத்துக்கு ஒதுக்கிய பணத்தைச் செலவழித்து வருஷக் கணக்கை முடிக்க வேண்டுமே. கேக்கும் பலூனுமாக வந்து போவார்கள். அந்த வருஷம் வாய்த்த கம்பெனியோ 'ஃபைவ் எஸ்' கொண்டுவந்தது. தொழிற்சாலை பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, கோடு போடு, அப்படியே காப்பாற்று. வேண்டாதது என்று தோன்றினால் அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். சீட்டு விழுந்தால் பழைய இரும்புக் கடைதான்.

நான் கிருஷ்ணகிரியில் பயிற்சி வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சனிக்கிழமை, வந்து முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை போனால் எல்லாப் பொருளிலும் பெயர் ஒட்டியிருந்தது. என் நாற்காலியில் 'ஆசிரியர்'. எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. நான் யாரென்று எனக்கு மறக்காமல் இருக்க உதவியது. மிஷின் இருந்த மூலையில் ஒரு மஞ்சள் கட்டம், அதற்குள் பிளாஸ்டிக் செடி.

"மிஷின் எங்க சார்?" என்று அவர்களுடைய சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"ஒர்க்கிங் கண்டிஷன்ல இல்லீங்க மேடம். ஸ்க்ராப்புக்குப் போயிருச்சு."

"அத ஒரு பொண்ணு தினம் மிதிப்பா."

"தைக்காத மிஷின மிதிச்சு என்னங்க அவுட்புட்?"

அதற்குள் கம்பெனியின் பெரிய அதிகாரி ரிப்பன் வெட்ட வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஷபானாவும் வந்தாள். நேரே மூலைக்குப் போய், செடியைத் தள்ளிவிட்டு, கட்டத்துக்குள் உட்கார்ந்தாள். வெறும் தரையில் கால் மிதித்தது.

"டான்ஸா? வெரி குட்" என்று அதிகாரி கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"போட்டோ முடியற வரைக்கும் இந்தப் பாப்பாவ மட்டும் வெளிய வெச்சிக்கலாமா மேடம்?" என்றார் சூப்பர்வைசர். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். வாசலில் நின்றிருந்த பாஷா பாய் காதில் அது விழுந்தது. உள்ளே வந்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் இரும்புக் கடைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து ஜூஜுவாடி. பாய் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"வேற மிஷின் பாத்துடலாம் பாய். நாளைக்குப் பிள்ளைய அனுப்புங்க."

"போட்டோ முடிஞ்சிதா டீச்சரம்மா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. எங்களுக்குச் சுத்தமான வகுப்பறை என்று கேடயம் வந்தது. சில வருஷத்தில் அந்த அறையை இடித்தார்கள். சாலையை அகலப்படுத்தியதில் தார்ப்பாய்க் கடையும் போனது. விசாரித்துப் பார்த்தேன். பாய் குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். வேப்பனப்பள்ளிக்கு என்றார் இன்னொருவர். ஷபானா பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை என்பதை மட்டும் இரண்டு பேருமே சொன்னார்கள்.